‘ப’வைத் திருப்பிப் போடுங்கள்

கேள்வி: நான்கு வழிச் சாலையை ஒட்டி எங்கள் மனை. அண்ணன் தம்பிகள் சேர்ந்து பழைய வீட்டை இடித்துவிட்டு, கீழே தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் பார்க்கிங்கும் மேலே ஐந்து தளங்களுமாக அடுக்கு வீடு கட்டப் போகிறோம். ஆர்க்கிடெக்ட் ‘ப’ வடிவில் வரைந்திருக்கிறார். நடுமுற்றம் சாலையைப் பார்த்துத் திறந்திருக்கும், எல்லா வீட்டுக்கும் காற்றும் வெளிச்சமும் வரும் என்கிறார். சத்தத்துக்கு என்ன செய்வது என்று கேட்டால், டபுள் கிளேசிங் (இரட்டைக் கண்ணாடி) போட்ட ஸ்லைடிங் ஜன்னலும் முன்னால் ஒரு வரிசை மரமும் போதும் என்கிறார். எதிரே கண்ணாடி முகப்போடு உயரமான கட்டடம் வந்ததிலிருந்து எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில்கூடச் சத்தம் கூடியிருக்கிறது. அது பிரமையா, உண்மையா? இந்த வரைபடத்தை நம்பிக் கட்டலாமா?

பதில்: இந்த வரைபடத்தோடு அஸ்திவாரம் தோண்ட வேண்டாம். உங்கள் ஆர்க்கிடெக்ட் இரைச்சலை ஜன்னல் கண்ணாடியின் தலையில் கட்டிவிட்டார். ஜன்னலைத் திறந்த நொடியே அந்தக் கண்ணாடி இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். கட்டடம் எந்தப் பக்கம் முதுகைக் காட்டுகிறது, எந்த அறை எதைப் பார்க்கிறது என்பவை மட்டுமே ஜன்னல் திறந்திருக்கும்போதும் காப்பாற்றும். அவற்றை மாற்ற இப்போது தாளும் பென்சிலும் போதும். கான்கிரீட் போட்ட பிறகு எவ்வளவு கொட்டினாலும் மாற்ற முடியாது.

கீழே வரும் எண்களைப் படிக்க ஓர் அளவுகோல் வேண்டும். 3 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் இரு மடங்காகிறது. காதுக்கு அது ‘கொஞ்சம் கூடியிருக்கிறதே’ என்ற அளவில்தான் படும். 10 டெசிபல் கூடும்போதுதான் சத்தம் இரண்டு மடங்கானதாகத் தோன்றும். அதனால் ஒன்றிரண்டு டெசிபல் குறைக்கும் பொருளுக்குப் பணத்தை வாரி இறைக்காதீர்கள்.

முதலில் எதிர்க் கட்டடம். அது பிரமை இல்லை. சாலையின் நடுக்கோட்டிலிருந்து உங்கள் முகப்பும் எதிர் முகப்பும் தலா 12 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நேராக வரும் ஒலிக்கு 12 மீட்டர் பயணம். எதிர்ச் சுவரில் மோதித் திரும்பும் ஒலிக்கு 36 மீட்டர். இந்த ஒரு மோதலால் மட்டும் உங்கள் முகப்பில் சுமார் 1.2 டெசிபல் கூடும். இரண்டு முகப்புகளுக்கும் நடுவே ஒலி மறுபடி மறுபடி மோதி வருவதையும் சேர்த்தால் 2 முதல் 3 டெசிபல். பின்கட்டில் ஏற்றம் இதைவிடக் கூடுதலாகவே தெரியும். அங்கே நேரடி ஒலி உங்கள் வீட்டையே தாண்டி, கூரை விளிம்பில் வளைந்து, இளைத்துத்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது எதிர்க் கட்டடத்தின் மேல்தளப் பால்கனிகளிலும் விளிம்புகளிலும் பட்டுச் சிதறும் ஒலி உயரத்திலிருந்து இறங்குகிறது. பக்கச் சந்து வழியாகவும் மோதி மோதி உள்ளே நுழைகிறது. அமைதியாக இருந்த இடம் என்பதால் அந்த மாற்றம் சட்டென்று உறைக்கும்.

இதில் கண்ணாடியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. சிமென்ட் பூசிய சுவரும் தன்மேல் விழும் ஒலியில் பெரும்பகுதியை அப்படியே திருப்பித்தான் அனுப்பும். தட்டையாக இருக்கும் எந்த முகப்பும் ஒலிக்குக் கண்ணாடிதான். பால்கனி, திண்டு, உள்வாங்கிய ஜன்னல் என்று மேடுபள்ளம் உள்ள முகப்பு ஒலியைச் சிதறடித்து ஒரு பகுதியை வானத்துக்கு அனுப்பிவிடும். நீங்கள் கட்டப்போகும் முகப்பும் எதிர்வீட்டுக்காரருக்கு இன்னொரு மோதுசுவர் என்பதை ஆர்க்கிடெக்ட்டிடம் சொல்லிவையுங்கள்.

இனி ‘ப’வுக்கு வருவோம். முற்றத்தின் உட்சுவர் சாலையிலிருந்து தள்ளி இருப்பதால் அங்கே சத்தம் குறையும் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். ஒற்றை இயந்திரத்தின் சத்தம் தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும். ஓயாமல் வண்டி ஓடும் சாலை ஒரு புள்ளி அல்ல, நீண்ட கோடு. அதன் சத்தம் தூரம் இரட்டிக்கும்போது 3 டெசிபல்தான் குறையும். 12 மீட்டரில் இருக்கும் முகப்புக்கும் 24 மீட்டரில் இருக்கும் உட்சுவருக்கும் வித்தியாசம் அந்த 3 மட்டுமே. அதையும் முற்றத்தின் மூன்று சுவர்களும் ஒலியை ஒன்றின் மேல் ஒன்றாக எறிந்து தின்றுவிடும். ஒவ்வொரு ஹாரனும் உள்ளே போய் எதிரொலித்து நீளும். உட்சுவரை வளைவாகக் கட்டும் யோசனை இருந்தால் உடனே கைவிடுங்கள். உட்குழிந்த சுவர் ஒலியை ஒரே இடத்தில் குவிக்கும், அந்த இடம் யாரோ ஒருவருடைய படுக்கையறையாகத்தான் இருக்கும்.

அதே ‘ப’வை 180 பாகை திருப்பிப் போடுங்கள். அடைத்த முதுகு சாலைக்கு, திறந்த வாய் பின்பக்கத்துக்கு. சதுர அடி ஒன்றும் குறையாது. ஐந்து தளக் கட்டடமே தடுப்புச் சுவராக நிற்பதால், முற்றத்தைப் பார்க்கும் ஜன்னல்களில் முகப்பைவிட 10 முதல் 15 டெசிபல் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். முகப்பில் 70 டெசிபல் என்றால் முற்றத்தில் 55 முதல் 60. பாதி திறந்த ஜன்னல் சுமார் 15 டெசிபலைத் தடுக்கும். அப்படியானால் முற்றத்துப் படுக்கையறைக்குள் ஜன்னல் திறந்தபடியே 40 முதல் 45, சாலைப் பக்கத்து அறைக்குள் 55. படுக்கையறைக்குள் இரவில் சராசரி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. முற்றத்தில் ஜன்னலைச் சாத்தினால் அந்த எண்ணை எட்டலாம். சாலைப் பக்கம் சாதாரண ஜன்னலைச் சாத்தினாலும் எட்ட முடியாது.

ஆனால் திருப்பிப் போட்ட ‘ப’வைக் கெடுக்க ஓர் ஓட்டை காத்திருக்கிறது: ஸ்டில்ட் பார்க்கிங். மேலே ஐந்து தளம் சுவராக நின்று என்ன பயன், கீழே மூன்று மீட்டர் உயரத்துக்குச் சாலையிலிருந்து முற்றம் வரை திறந்து கிடந்தால்? தரையும் கூரையும் கெட்டியான கான்கிரீட். ஒலி குழாயில் போவதுபோல நேராக முற்றத்துக்குள் போகும். வரைபடத்தில் மிக எளிதாகத் தவறவிடப்படும் இடம் இதுதான். சாலைப் பக்கம் வண்டி நுழையும் வழி தவிர மற்ற இடத்தைத் தளத்தின் அடிவரை சுவரால் அடையுங்கள். முற்றத்துப் பக்கத்திலும் ஒரு சுவர் வரட்டும். அதன் திறப்பு நுழைவாயிலுக்கு நேராக இல்லாமல் தள்ளி இருக்கட்டும். பார்க்கிங் கூரையின் அடியில் 50 மி.மீ. கனத்தில், ஒலியை உறிஞ்சும் பாறைக் கம்பளிப் (ராக் வுல்) பலகை பொருத்துங்கள். புகை வெளியேறவும் தீயணைப்புக்கும் எவ்வளவு திறப்பு வேண்டும் என்பதை உள்ளூர்க் கட்டட விதியில் பார்த்து, அந்தத் திறப்புகளைப் பக்கவாட்டுச் சுவர்களில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய வீட்டில் காம்பவுண்டு சுவர் சத்தத்தைத் தடுக்கிறது என்ற எண்ணம் உங்களுக்கு இருக்கும். தரைத்தளத்துக்கு அது உண்மை: சாலையையும் ஜன்னலையும் இணைக்கும் பார்வைக் கோட்டை 2 மீட்டர் சுவர் வெட்டும் வரை 5 முதல் 8 டெசிபல் குறையும். புது வீட்டில் முதல் தளமே 3 மீட்டருக்கு மேல் தொடங்குவதால் பார்வைக் கோடு சுவரைத் தாண்டி மேலே போய்விடும்; பலன் பூஜ்யம். மேல்தளத்துக்குப் போனால் சத்தம் குறையும் என்பதும் இங்கே பலிக்காது. முதல் தள ஜன்னலிலிருந்து சாலை நடுவுக்குச் சாய்தூரம் 12.6 மீட்டர், ஐந்தாம் தளத்திலிருந்து 20 மீட்டர். வித்தியாசம் 2 டெசிபல்.

மரங்களை நிழலுக்காக வையுங்கள். ஒரு வரிசை மரம் அளவிடத்தக்க எதையும் தடுக்காது. கண்ணுக்கு மறுபக்கம் தெரியாதபடி அடர்ந்த தோப்பு 30 மீட்டர் ஆழத்துக்கு இருந்தால்தான் 5 டெசிபல் அளவுக்குக் குறையும்.

அறைகளை அடுக்கும்போது சாலைப் பக்கத்தில் மாடிப்படி, லிஃப்ட், பொதுநடை, குளியலறை, சமையலறை, ஸ்டோர் ஆகியவற்றை வரிசையாக வையுங்கள். படுக்கையறைகள் எல்லாம் முற்றத்துக்கு. லிஃப்ட் சுவர் படுக்கையறைச் சுவரோடு ஒட்டக் கூடாது. எல்லா அறைக்கும் இது வாய்க்காது. முன்பக்க வீடுகளில் கூடமாவது சாலையைப் பார்த்துத்தான் ஆகும். ஸ்வீடன் இந்த நடைமுறைச் சிக்கலைச் சட்டத்திலேயே ஒப்புக்கொண்டது. 2015இல் வந்து 2017இல் திருத்தப்பட்ட அந்த விதியின்படி, முகப்பில் சராசரி 60 டெசிபலைத் தாண்டினால் அந்த வீட்டின் வசிப்பறைகளில் பாதியாவது 55 டெசிபலுக்கு மிகாத பக்கத்தைப் பார்த்து இருக்க வேண்டும். உங்கள் ஒவ்வொரு வீட்டையும் இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள். முழுக்கச் சாலைப் பக்கமே மாட்டிக்கொண்ட வீடு ஒன்றாவது இருந்தால், வீடுகளைப் பிரித்த விதம் தவறு. ஒவ்வொரு வீடும் முன்னிருந்து பின்வரை நீளும்படி பிரிக்க வேண்டும். காற்றோட்டத்துக்கும் அதுவே நல்லது.

பக்கவாட்டு ஜன்னல்களுக்குச் சாலையின் பாதி நீளம்தான் ‘தெரியும்’ என்பதால் 3 டெசிபல் குறையும். பக்கத்துக் கட்டடத்தின் சுவர் நெருங்கி நின்றால் அதுவும் திரும்பி வந்துவிடும். அவற்றை அமைதியான பக்கம் என்று கணக்கில் எடுக்காதீர்கள்.

சாலைப் பக்கம் பால்கனி வேண்டும் என்று யாராவது கேட்டால் மறுக்க வேண்டாம். ஒழுங்காகச் செய்தால் அது ஒரு கேடயம். 1.1 மீட்டர் உயரக் கைப்பிடிச் சுவர் கெட்டியாக, அடியில் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். மழைநீருக்குத் தரையோரம் நீளத் திறப்பு விடாமல் சின்னக் குழாய் விடுங்கள். கம்பிக் கிராதியால் ஒரு பயனும் இல்லை. கைப்பிடிச் சுவரைத் தாண்டி வரும் ஒலி மேல் பால்கனியின் அடிப்பகுதியில் மோதி நேராக ஜன்னலுக்குள் இறங்கும். ஐந்தாம் தளத்தைவிட நடுத்தளங்களில் சில வீடுகள் அதிகம் அவதிப்படுவதற்கு இந்தக் கூரைதான் காரணம். அந்த அடிப்பகுதியில் 50 மி.மீ. பாறைக் கம்பளி, அதன்மேல் கண்ணாடி இழைத் துணி, அதன்மேல் பரப்பில் 20 சதவீதமாவது துளையுள்ள அலுமினியத் தகடு என்று மூடினால் கேடயம் முழுமையாகும்.

இப்போது ஜன்னல். ஒரு கணக்கைப் பாருங்கள். 10 சதுர மீட்டர் வெளிச்சுவர், அதில் 1.2க்கு 1.5 மீட்டர் ஜன்னல். பூசிய 230 மி.மீ. செங்கல் சுவர் 50 டெசிபல் தடுக்கும், ஜன்னல் 30. இரண்டும் சேர்ந்து தடுப்பது 37 டெசிபல். சுவரை இரண்டு மடங்கு கனமாக்கி 56 டெசிபலுக்கு உயர்த்தினாலும் மொத்தம் 37ஐ விட்டு நகராது. அதே ஜன்னலைச் சுற்றி 2 மி.மீ. இடைவெளி இருந்தால்? சுற்றளவு 5.4 மீட்டர், திறப்பின் பரப்பு 0.0108 சதுர மீட்டர். உள்ளங்கை அளவுதான். மொத்தத் தடுப்பு 37இலிருந்து 29க்கு விழுந்துவிடும். கனமான கண்ணாடி போட்டும் சத்தம் குறையவில்லை என்று புலம்பும் வீடுகளில் முதலில் தேட வேண்டியது இந்த 2 மில்லிமீட்டரைத்தான்.

ஸ்லைடிங் ஜன்னல் வேண்டாம் என்பதற்கும் அதுவே காரணம். சறுக்கி ஓட வேண்டிய கதவு தண்டவாளத்தில் தளர்வாகத்தான் இருக்க முடியும். ஓரத்தில் இருக்கும் தூரிகைப் பட்டை தூசியைத் தடுக்கும், ஒலியைத் தடுக்காது. தண்ணீர் வடியும் துளைகள் வேறு. கீல் வைத்து வெளியே திறக்கும் கேஸ்மென்ட் ஜன்னலில் கைப்பிடியைத் திருப்பும்போது கதவு ரப்பர் கேஸ்கெட்டை அழுத்திக்கொண்டு உட்காரும். சுற்றிலும் இரண்டு வரிசை கேஸ்கெட், மூலைகளில் வெட்டு விழாமல் ஒட்டியது, குறைந்தது மூன்று இடங்களில் பூட்டும் நாக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

டபுள் கிளேசிங் விஷயத்தில் உங்கள் ஆர்க்கிடெக்ட் வெப்பத்துக்கான மருந்தை ஒலிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். 6 மி.மீ. கண்ணாடி, 12 மி.மீ. காற்று, 6 மி.மீ. கண்ணாடி என்ற அமைப்பில் நடுக் காற்று ஸ்பிரிங் ஆகிவிடும்; இரண்டு கண்ணாடிகளும் சுமார் 200 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 200 அதிர்வு) சேர்ந்து அதிரும். பஸ், லாரி எஞ்சின்களின் உறுமல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதனால் போக்குவரத்துச் சத்தத்தில் இது ஒற்றை 6 மி.மீ. கண்ணாடியைவிடப் பெரிதாக எதையும் சாதிக்காது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே 100 மி.மீ. இடைவெளி விட்டால் அந்த அதிர்வு 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிடும். சாலைப் பக்கம் தவிர்க்கவே முடியாத அறைகளுக்கு அதுதான் வழி: வெளியே ஒரு கேஸ்மென்ட் ஜன்னல், உள்ளே 100 மி.மீ. தள்ளித் தனிச் சட்டத்தில் இன்னொன்று. இரண்டு கண்ணாடியின் கனமும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு கனத்துக்கும் ஒலி எளிதாக ஊடுருவும் ஓர் அலைவெண் உண்டு, 6 மி.மீ.க்கு அது 2,000 ஹெர்ட்ஸ் அருகே. இரண்டும் 6 என்றால் இரண்டும் ஒரே இடத்தில் கோட்டை விடும். வெளியே 6, உள்ளே 8 மி.மீ. லேமினேட்டட் என்று வைத்தால், லேமினேட்டட் கண்ணாடியின் இரு அடுக்குகளை ஒட்டும் நடுப் படலம் அந்த அதிர்வையும் அடக்கும். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் ஒரே சட்டத்தில் 8 மி.மீ. லேமினேட்டட் போடுங்கள்.

விற்பனையாளர் ‘40 டெசிபல் ஜன்னல்’ என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். அது கண்ணாடிக்கு மட்டும் உள்ள எண்ணா, சட்டத்தோடு சேர்த்துச் சோதித்ததா? போக்குவரத்து இரைச்சலுக்கான திருத்தம் கழித்ததா? அந்தத் திருத்தம் 3 முதல் 6 டெசிபல் வரை விழுங்கும். சோதனைச் சான்றில் உள்ள ஜன்னல் ஸ்லைடிங்கா, கேஸ்மென்ட்டா?

சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே விடும் 10 மி.மீ. இடைவெளியைத் தெளிக்கும் ஃபோமால் மட்டும் நிரப்பிவிட்டு மேலே சிலிகான் தேய்ப்பது வழக்கமாகிவிட்டது. ஃபோம் மிக லேசானது, கனமான அடைப்பு அளவுக்கு அதை நம்ப முடியாது. சிமென்ட் கலவையால் இறுக அடைத்து, உள்ளும் வெளியும் சீலன்ட் ஓட்டச் சொல்லுங்கள். ஏசி குழாய் போகும் துளை, மேலே திறந்திருக்கும் வென்டிலேட்டர், எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாமே இதே கதைதான். 150 மி.மீ. விட்டமுள்ள ஒரு ஃபேன் துளை, மேலே சொன்ன 2 மி.மீ. இடைவெளியைவிடப் பெரிய ஓட்டை. அதைச் சாலைப் பக்கம் வைக்காதீர்கள். உட்சுவரில் நுரைப் பலகையோ முட்டைத் தட்டோ ஒட்டச் சொல்லும் ஆலோசனை உங்களிடமும் வரும். அவை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது.

ஜன்னலைச் சாத்தியபின் காற்றுக்கு என்ன வழி என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதத்தில் அதைத் திறந்துவிடுவார்கள், திறப்பதுதான் சரியும்கூட. முற்றத்துப் பக்கத்திலிருந்து காற்றை இழுத்துச் சாலைப் பக்க அறைக்குக் கொண்டுவரும் சின்ன விசிறி ஒரு வழி. இன்னொன்று ஹாங்காங் அரசுக் குடியிருப்புகளில் பயன்படும் அமைப்பு: முன்னும் பின்னுமாக இரண்டு கண்ணாடி, வெளித் திறப்பு ஒரு ஓரத்தில், உள் திறப்பு எதிர் ஓரத்தில். காற்று இடையே திரும்பி வரும். ஒலி நேர்வழி இல்லாமல் இளைக்கும். சாதாரணமாகத் திறந்த ஜன்னலைவிட 8 டெசிபல் வரை கூடுதலாகத் தடுக்கும்.

பின்முற்றத்தை இவ்வளவு பாடுபட்டு அமைதியாக்கிவிட்டு அங்கேயே ஏசி அவுட்டோர் யூனிட்களைத் தொங்கவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஒன்று 50 டெசிபல் என்றால் எட்டு ஒன்றாக ஓடும்போது 59; மூன்று பக்கச் சுவரும் அதை இன்னும் ஏற்றும். குழாய் நீளம் இடம்கொடுத்தால் மொட்டை மாடிக்கு ஏற்றுங்கள், இல்லையேல் சாலைப் பக்கம் சமையலறைச் சுவரில் மாட்டுங்கள். அங்கே ஏற்கெனவே 70 இருப்பதால் 50 சேர்ந்து எதுவும் மாறாது. ஜெனரேட்டரும் சாலைப் பக்கம்தான் நிற்க வேண்டும்.

முகப்பு அழகுக்காக அலுமினியப் பட்டைகளோ துளைத் தகடுகளோ வரைந்திருந்தால், அவை காற்றில் ஊளையிடாதா என்று கேளுங்கள். மான்செஸ்டரின் பீதம் கோபுரத்தில் உச்சியிலுள்ள கண்ணாடிப் பட்டைகள் பலத்த காற்றில் சுற்றுவட்டாரத்தில் கேட்கும்படி ரீங்காரமிட்டன. மெல்லிய பட்டையை நீளமாகத் தொங்கவிடாமல் நெருக்கமாகப் பிடிமானம் கொடுத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

மனையின் அகலமோ திசையோ இடம்கொடுக்கவில்லை, ‘ப’வைத் திருப்ப முடியாது என்று ஆர்க்கிடெக்ட் சொன்னால், முற்றத்தின் திறந்த வாயையாவது அடைக்கச் சொல்லுங்கள். இரண்டு கைகளின் நுனிகளையும் இணைத்து மாடிப்படியும் பொதுநடையும் கொண்ட ஒரு குறுக்குக் கட்டு, சாலைப் பக்கம் திறப்பில்லாத சுவரோடு. முற்றம் நாலாபுறமும் மூடிவிடும், வெளிச்சம் மேலிருந்து வரும். காற்று குறையும் என்பது உண்மை. பின்பக்கக் கட்டில் தளத்துக்கு ஒரு திறப்பு விட்டு அதைச் சரிக்கட்டலாம். குறுக்குக் கட்டில் மட்டும் கிராதியோ ஜாலியோ வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரைபடம் இறுதியாகும் முன் முகப்பு வரும் இடத்தில் ஒரு முழு நாள், இரவும் சேர்த்து, தரமான கருவியால் அளக்க ஏற்பாடு செய்யுங்கள். சராசரியோடு இரவு நேர உச்சங்களையும் குறிக்கச் சொல்லுங்கள். தூக்கத்தைக் கெடுப்பவை அந்த உச்சங்கள்தான். கைபேசிச் செயலி முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒப்பிட மட்டும் உதவும், எண்ணை நம்பாதீர்கள்.

ஜன்னல் பொருத்தி முடிந்ததும் கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. ஒரு துண்டுத் தாளைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்துச் சாத்திப் பூட்டுங்கள். இழுத்தால் தாள் பிடித்துக்கொள்ள வேண்டும். நான்கு பக்கமும், மூலைகளிலும், கீல் ஓரத்திலும் இதைச் செய்யுங்கள். தாள் வழுக்கி வரும் இடத்தில் குறியிட்டு, கீலைத் திருகிச் சரிசெய்த பிறகு மறுபடி இழுத்துப் பார்த்துப் பணம் கொடுங்கள்.